1,400 சதுர அடி: சாப்பலோ தீவில் ஒரு கிராமத்தைத் தாங்கிய விதி

2023 செப்டம்பர் 12 அன்று, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள மெக்கின்டாஷ் கவுன்டியின் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி அமைப்பின்) ஆணையர்கள் கூடி, மூவர் ஆதரவாகவும் இருவர் எதிராகவும் வாக்களித்து, தங்கள் நிலப் பயன்பாட்டு விதித்தொகுப்பில் ஓர் எண்ணைத் திருத்தினார்கள். சாப்பலோ தீவின் ஹாக் ஹம்மக் கிராமத்தில் எந்த வீடும் 1,400 சதுர அடியைத் தாண்டக்கூடாது என்று ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இருந்துவந்த வரம்பு, 3,000 சதுர அடியாக உயர்ந்தது. பழைய கணக்கு, சூடேற்றும் குளிரூட்டும் வசதி செய்த அறைகளின் பரப்பை மட்டுமே எடுத்துக்கொண்டது. புதிய கணக்கு, சுவர் எழுப்பி அடைத்த மொத்தப் பரப்பையும் எடுத்துக்கொண்டது. ஆகவே வரம்பு இரு மடங்கானது என்று சொல்வது தோராயமான பேச்சுதான். ஆனால் அந்தக் கிராமத்தார் எதற்கு அஞ்சினார்களோ அதில் தோராயம் எதுவும் இல்லை.

ஹாக் ஹம்மக்கில் ஆண்டு முழுவதும் வாழ்பவர்கள் இன்று சில பத்துப் பேரே. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரை நீளும் கடலோரத்திலும் தீவுகளிலும் நெல்லும் பருத்தியும் விளைவித்தவர்களின் வழித்தோன்றல்கள் கல்லா-கீச்சி மக்கள் என்று அழைக்கப்படுகிறார்கள். ஜார்ஜியாக் கடலோரத்தில் கீச்சி என்ற பெயரே வழக்கு. நிலப்பரப்பிலிருந்து துண்டுபட்ட தீவு வாழ்க்கையால், அவர்களுக்கென்று ஒரு மொழியும் சமையலும் கூடை முடையும் கலையும் வழிபாட்டு மரபும் அழியாமல் நின்றன. சாப்பலோவுக்கு இன்றும் பாலம் கிடையாது. படகில்தான் போக வேண்டும்.

வரலாற்று இடத்தைக் காப்பது என்றால் பட்டியலில் சேர்ப்பதும், பெயர்ப்பலகை நடுவதும், பழைய கட்டடத்தைப் பழுதுபார்ப்பதும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். ஹாக் ஹம்மக் அந்த மரியாதைகளையெல்லாம் பெற்ற ஊர்தான். ஆனால் அந்த ஊரை ஊராக வைத்திருந்தது, உள்ளாட்சியின் விதிப்புத்தகத்தில் ஒரு பக்கத்தில் கிடந்த அந்த எண். அதை யார் எழுதலாம், யார் மாற்றலாம், மாற்றும்போது யாரைக் கேட்க வேண்டும் என்பதே இந்த நிகழ்வின் மையம் என்பது என் கருத்து.

தீவும் அதன் நிலமும்

சாப்பலோ சுமார் 16,500 ஏக்கர் பரப்புள்ள தீவு. சவானா நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 60 மைல் தொலைவில், உவர்ச் சதுப்புகளுக்கு அப்பால் கிடக்கிறது. 1802இல் தாமஸ் ஸ்பால்டிங் என்ற தோட்ட முதலாளி இங்கே நிலம் வாங்கி, நூற்றுக்கணக்கான அடிமைகளைக் கொண்டு பருத்தியும் கரும்பும் பயிரிட்டார். சிப்பி ஓட்டைச் சுட்டு எடுத்த சுண்ணாம்போடு மணலும் சிப்பியும் கலந்து அவர்கள் எழுப்பிய சுவர்களின் இடிபாடுகள் தீவில் இன்னும் நிற்கின்றன. அவர்களில் ஒருவர் பிலாலி முகம்மது. இன்றைய கினி நாட்டின் ஃபூட்டா ஜாலோன் மேட்டுநிலத்தைச் சேர்ந்த அந்த முஸ்லிம், தோட்டத்தின் மேற்பார்வையாளராக இருந்தார். அவர் அரபு மொழியில் எழுதிவைத்த கையேடு ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகிறது. சாப்பலோவின் பல குடும்பங்கள் தங்கள் வம்சத்தை அவரிடமிருந்தே எண்ணுகின்றன.

1865 ஜனவரியில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபடையின் தளபதியான ஷெர்மன் பிறப்பித்த 15ஆம் எண் களஆணை, இந்தக் கடலோரத் தீவுகளை விடுதலை பெற்ற மக்களுக்கென்று ஒதுக்கியது. அதே ஆண்டு முடிவதற்குள் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜான்சன் அந்த வாக்குறுதியைத் திரும்பப் பெற, நிலம் பழைய முதலாளிகளின் கைக்கே போயிற்று. கொடுத்த நிலம் பறிபோன பிறகு, சாப்பலோ மக்கள் விலை கொடுத்தே வாங்கத் தொடங்கினார்கள். 1866இல் தங்கள் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார்கள். 1871இல் விடுதலை பெற்றவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் அமைத்து, தீவின் வடகிழக்கில் ரக்கூன் பிளஃப் நிலத்தை வாங்கித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். ஹாக் ஹம்மக், ஷெல் ஹம்மக், லம்பர் லேண்டிங், பெல் மார்ஷ் என்று தீவெங்கும் சிறு குடியிருப்புகள் இருந்தன.

1934இல் தீவின் பெரும்பகுதியைப் புகையிலைக் குடும்பத்தின் வாரிசான ஆர். ஜே. ரெனால்ட்ஸ் வாங்கினார். 1950களிலும் 60களின் முற்பகுதியிலும், சிதறிக் கிடந்த குடியிருப்புகளைக் காலி செய்து கறுப்பின மக்கள் எல்லோரையும் ஹாக் ஹம்மக் என்ற ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை அவர் காலத்தில் நடந்தது. நில மாற்று என்ற பெயரில் நடந்த அந்தக் குடிபெயர்ப்பில் மனமுவந்து போனவர்கள் குறைவு, நெருக்குதலால் போனவர்களே மிகுதி என்பது தீவினரின் நினைவு. அவர் இறந்த பின், 1969இலும் 1976இலும் எஞ்சிய நிலத்தை ஜார்ஜியா அரசு வாங்கியது. இப்போது தீவில் அரசுக்குச் சொந்தமில்லாததாக மிஞ்சியிருப்பது, ஏறத்தாழ 430 ஏக்கர் கொண்ட ஹாக் ஹம்மக் ஒன்றுதான். தீவின் நூற்றில் மூன்று பங்குகூட இல்லை.

இதே கவுன்டியின் நிலப்பரப்பில் நடந்த மற்றொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1942இல் ஹாரிஸ் நெக் என்ற இடத்தில் போர் விமானத் தளம் அமைப்பதற்காகக் கூட்டரசு சுமார் 2,700 ஏக்கரைக் கையகப்படுத்தியது. ஏறத்தாழ 75 கறுப்பினக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. போர் முடிந்த பிறகும் நிலம் அவர்களுக்குத் திரும்பவில்லை. கவுன்டியின் கைக்குப் போய், 1962இல் வனவிலங்குச் சரணாலயமாயிற்று. ஆகவே மெக்கின்டாஷ் கவுன்டியில் கீச்சி மக்கள் ஆணையர் கூட்டத்துக்கு வந்து உட்காரும்போது, அவர்கள் மனத்தில் இருப்பது அன்றைய தீர்மானத்தின் வாசகம் மட்டுமல்ல.

பட்டியல் தந்ததும் தராததும்

1996இல் ஹாக் ஹம்மக் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. தீவின் பழைய இடுகாடும் அதே ஆண்டில் சேர்ந்தது. 2006இல் நாடாளுமன்றம், வட கரோலினாவிலிருந்து ஃபுளோரிடா வரையிலான கடலோரத்தைக் கல்லா-கீச்சி பண்பாட்டு மரபுத் தடமாக அறிவித்தது.

இந்த அங்கீகாரங்களை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தேசியப் பதிவேடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பது தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டரசின் பணமோ உரிமமோ சம்பந்தப்பட்ட திட்டம் ஒன்று அந்த இடத்தைத் தொடுமானால், அதன் பாதிப்பை முன்கூட்டியே ஆராய வேண்டும் என்ற கடப்பாட்டைப் பதிவேடு உண்டாக்கும். வருமானம் தரும் பழைய கட்டடங்களைச் சீரமைப்போருக்கு வரிச் சலுகை கிடைக்கும். அவ்வளவே. தன் சொந்தப் பணத்தில் மனை வாங்கி, பழைய வீட்டை இடித்துவிட்டு, கட்டைகள் மேல் உயர்த்திய மூன்று மாடி விடுமுறை மாளிகை கட்ட வருகிறவரை அது தடுக்காது. தடுக்கும் அதிகாரம் முழுக்க முழுக்க உள்ளாட்சியின் கையில் இருக்கிறது. அமெரிக்காவில் அது, எந்த நிலத்தில் என்ன கட்டலாம் என்று கவுன்டி அல்லது நகராட்சி எழுதும் மண்டல விதியில் இருக்கிறது.

இன்னொரு குறை இதைவிட ஆழமானது. பதிவேட்டின் அளவுகோல்கள் கட்டடத்தைப் பார்த்துப் பழகியவை: தூண், கூரை, கட்டிய ஆண்டு, சிதையாத முகப்பு. ஹாக் ஹம்மக்கின் வீடுகள் எளியவை. பல வீடுகள் காலத்துக்கேற்ப மாற்றிக் கட்டப்பட்டவை. சில சக்கரம் கழற்றிய நகரும் வீடுகள். அந்த ஊரின் வரலாற்று மதிப்பு, யார் எங்கே யார் பக்கத்தில் வாழ்கிறார்கள், எந்த மரத்தடியில் கூடுகிறார்கள், எந்த ஓடையில் வலை வீசுகிறார்கள், எந்தக் கல்லறையில் யாரை அடக்குகிறார்கள் என்பதில் இருக்கிறது. மக்கள் போய்விட்டால் வீடுகளை மட்டும் வைத்துக்கொண்டு அந்த மதிப்பைக் காட்ட முடியாது. கறுப்பின வரலாற்று இடங்கள் பலவற்றுக்கும் இது பொருந்தும். வறுமையில் கட்டியவை என்பதால் நிலைக்காமல் போனவையும், நெடுஞ்சாலைக்காகவும் நகர்ப்புறச் சீரமைப்புக்காகவும் இடிக்கப்பட்டவையும் போக மிஞ்சியவற்றில், கட்டடத்தைவிட வாழும் சமூகமே பெரிய சான்று.

எண் எப்படி வேலை செய்தது

ஹாக் ஹம்மக்குக்கெனக் கவுன்டி தனியாக ஒரு மண்டலத்தை வகுத்திருந்தது. அந்த விதியின் நோக்க வாசகமே, இது தனித்த வரலாறும் மரபான குடியிருப்பு முறையும் கொண்ட சமூகம் என்றும், நில வணிகர்களாலும் ஊருக்குப் பொருந்தாத வீட்டு வகைகளாலும் அச்சுறுத்தலுக்கு உள்ளானது என்றும் ஒப்புக்கொண்டது. ஓர் உள்ளாட்சி தன் சட்டப் புத்தகத்தில் இப்படி வெளிப்படையாக எழுதிவைப்பது அரிது. அந்த நோக்கத்துக்குப் பல் கொடுத்தது 1,400 என்ற வரம்பு.

வீட்டின் அளவுக்கும் வரலாற்றுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி இயல்பாக எழும். தொடர்பு வரியின் வழியே வருகிறது. ஜார்ஜியாவில் நிலத்துக்கும் வீட்டுக்கும் ஆண்டுதோறும் விதிக்கும் வரி, சந்தை மதிப்பில் 40 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒரு மனையின் சந்தை மதிப்பைக் கணிக்க, அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற மனைகளின் விலையைப் பார்ப்பார்கள். கடற்கரைக்குக் குறுகிய தூரத்தில் பெரிய விடுமுறை வீடு கட்ட முடியும் என்றால், வெளியூரார் மனைக்கு அதற்கேற்ற விலை தருவார். அந்த விலை, பக்கத்து மனையில் தாத்தா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தில் காலந்தள்ளும் மூதாட்டியின் மனைக்கும் மதிப்பாக ஒட்டிக்கொள்ளும். அவர் விற்கவில்லை, விற்கும் எண்ணமும் இல்லை. ஆனாலும் வரி மட்டும் ஏறும். கட்டத் தவறினால் வரி நிலுவைக்காக நிலம் ஏலத்துக்குப் போகும். ஒருவர் விற்க, அடுத்தவருக்கு வரி ஏற, அவரும் விற்க நேரும் இந்தச் சங்கிலியில் யாரும் யாரையும் கையைப் பிடித்து வெளியே தள்ள வேண்டியதில்லை. 1,400 சதுர அடிக்கு மேல் கட்ட முடியாது என்ற வரம்பு இருந்தவரை, ஆடம்பர வீட்டுக்காரருக்கு அந்த மண்ணில் ஆசை குறைவு; சங்கிலியின் முதல் கண்ணியே உருவாகாது.

இதை வெறும் கோட்பாடாகச் சொல்லவில்லை. வரம்பு இருந்த காலத்திலேயே விதியை நெகிழ்த்திப் பெரிய வீடுகள் சில எழும்பிவிட்டிருந்தன. 2012இல் கவுன்டி மறுமதிப்பீடு செய்தபோது, ஹாக் ஹம்மக் குடும்பங்கள் பலவற்றின் வரிச் சீட்டு ஒரே ஆண்டில் பல மடங்காயிற்று. அந்த வரிக்கு ஈடாகக் கிடைத்த சேவையோ சொற்பம்: தீவில் பள்ளி இல்லை, பிள்ளைகள் படகேறிப் போய்ப் படிக்க வேண்டும், மருத்துவமனை இல்லை, சாலைகள் பெரும்பாலும் மண் சாலைகள்.

இதனுடன் சேர்ந்துகொள்ளும் இன்னொரு சிக்கல் பாகம் பிரிக்காத பூர்வீகச் சொத்து. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவில் போகிறது. அவர்கள் இறந்தால் அவர்களின் பிள்ளைகளுக்கு. இரண்டு மூன்று தலைமுறைக்குள் ஓர் ஏக்கருக்குப் பல பங்காளிகள் வந்துவிடுவார்கள். அவர்களில் பலர் வேறு மாநிலங்களில் இருப்பார்கள். வெளியாள் ஒருவர் ஒரே ஒரு பங்கை வாங்கிக்கொண்டு நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், பிரிக்க முடியாத சொத்து என்று முழு நிலத்தையும் விற்க உத்தரவாகிவிடும். அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பினக் குடும்பங்கள் இழந்த நிலத்தில் கணிசமான பங்கு இந்த வழியில் போனது. ஜார்ஜியா 2012இல் இயற்றிய சட்டம், விற்பனைக்கு முன் நடுநிலையான மதிப்பீடு வேண்டும் என்றும், விற்கக் கேட்பவரின் பங்கை மற்றப் பங்காளிகள் முதலில் வாங்கிக்கொள்ள உரிமை உண்டு என்றும் வகுத்தது. நல்ல சட்டம். ஆனால் பங்கை வாங்கக் கையில் பணம் வேண்டும். மனையின் விலை உயர உயர அந்த உரிமை ஏட்டளவில்தான் இருக்கும். வீட்டளவு வரம்பும் வாரிசுச் சொத்துச் சட்டமும் ஒன்றையொன்று தாங்கும் இரு கால்கள் என்பதை, தனித்தனித் துறைகளாக இவற்றைப் பார்ப்பவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள்.

கவுன்டியின் வாதம்

ஆணையர்களின் தரப்பை நேர்மையாக எடுத்துவைக்க வேண்டும். 1,400 சதுர அடி வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாகக் குடும்பம் முழுவதும் தங்க இடம் போதாது என்பது அவர்களின் முதல் வாதம். சூடேற்றும் பரப்பை மட்டும் கணக்கிடும் விதியை அமலாக்க முடியவில்லை, அனுமதி வாங்கும்போது திறந்த தாழ்வாரம் என்று காட்டிய இடம் பிறகு அறையாகிவிடுகிறது, ஆகவே அளக்கக்கூடிய ஓர் அளவுகோல் வேண்டும் என்பது இரண்டாவது. நிலத்தை வெளியாருக்கு விற்றது தீவினரின் சொந்த வழித்தோன்றல்களே என்ற பேச்சும் எழுந்தது.

இரண்டாவது வாதத்தில் உண்மை இருக்கிறது. அளக்க முடியாத விதி, மதிக்கப்படாத விதியாகிவிடும். ஆனால் அளவுகோலைத் திருத்துவதற்கும் அளவை உயர்த்துவதற்கும் வேறுபாடு உண்டு. மொத்த அடைப்புப் பரப்பையே கணக்கிட்டு, பழைய வீட்டளவுக்கு இணையான எண்ணை வைத்திருக்கலாம். முதல் வாதத்துக்கும் விடை விதிக்குள்ளேயே கிடைத்திருக்கும்: ஒரே மனையில் குடும்பத்தாருக்கு இரண்டாவது சிறு வீடு கட்ட இசைவு தருவது, கீச்சி மக்கள் வழிவழியாக வாழ்ந்த முறைக்கும் நெருக்கமானது. பெற்றோர் வீடு, அதன் அருகில் மகள் வீடு, பின்னால் தம்பி வீடு என்று ஒரு முற்றத்தைச் சூழ்ந்த சிறு வீடுகளே அந்தக் கடலோரத்தின் மரபான குடியிருப்பு வடிவம். ஒரே கூரையின் கீழ் 3,000 சதுர அடி என்பது வேறொரு வாழ்க்கைக்கான அளவு. விதியை எழுதுவதற்கு முன் ஊராரோடு உட்கார்ந்து பேசியிருந்தால் இந்த வேறுபாடு முதல் நாளிலேயே தெரிந்திருக்கும்.

அப்படி உட்கார்ந்து பேசவில்லை என்பதே கிராமத்தாரின் முதன்மையான குறை. திருத்தம் பற்றிய செய்தி வெளிவந்ததிலிருந்து வாக்கெடுப்பு வரை சில வாரங்களே கிடைத்தன. கூட்டங்கள் நிலப்பரப்பில் நடப்பவை. தீவினருக்கோ போக்கும் வரத்தும் படகின் நேரத்தைப் பொறுத்தவை. முறையான அறிவிப்பு தரப்படவில்லை என்றும், இன அடிப்படையில் பாரபட்சமானது என்றும் கூறி, 2023 அக்டோபரில் தீவினர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். எதிர்மனுதாரராக யார் யாரைச் சேர்த்தார்கள் என்ற நடைமுறைப் பிழைக்காக 2024 மார்ச்சில் அது தள்ளுபடியானது. திருத்தி மீண்டும் தாக்கல் செய்தார்கள்.

கையெழுத்துகள்

நீதிமன்ற வழிக்கு இணையாக அவர்கள் எடுத்த இரண்டாவது வழி, பயில்வதற்கு உரியது. ஜார்ஜியாவின் அரசியலமைப்பில், கவுன்டியின் தீர்மானம் ஒன்றை வாக்காளர்களே பொதுவாக்கெடுப்பில் நீக்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. நெடுங்காலம் பெரும்பாலும் யாரும் தொடாமல் கிடந்த அந்தப் பிரிவை, அதே கடலோரத்தில் தெற்கே இருக்கும் கேம்டன் கவுன்டியின் மக்கள், தங்கள் பகுதியில் ராக்கெட் ஏவுதளம் அமைக்கும் திட்டத்தை நிறுத்த 2022இல் பயன்படுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. சாப்பலோவினர் அந்தத் தடத்தில் நடந்தார்கள்.

மெக்கின்டாஷ் அளவுள்ள கவுன்டியில், பதிவு செய்த வாக்காளர்களில் 20 சதவீதம் பேர் கையெழுத்திட வேண்டும். ஹாக் ஹம்மக்கின் எல்லா வாக்காளர்களும் கையெழுத்திட்டாலும் நூறு தேறாது. ஆகவே கையெழுத்துக்காக அவர்கள் நிலப்பரப்பெங்கும் போக வேண்டியிருந்தது. சுமார் 11,000 பேர் வாழும் கவுன்டியில் 1,800க்கும் மேற்பட்ட வாக்காளர்களின் கையெழுத்து சேர்ந்தது. தீவுக்கு ஒருபோதும் போகாத பலரும் அதில் இருந்திருப்பார்கள். சிறுபான்மைச் சமூகம் ஒன்று, தன் வீட்டளவு பற்றிய விதியைக் கவுன்டி முழுவதின் கேள்வியாக மாற்றியது பெரிய செயல் என்று நான் மதிக்கிறேன். அதே வேளையில், சில பத்துப் பேரின் ஊர் நிலைக்குமா என்பதற்கு ஒரு முழுக் கவுன்டியின் வாக்கைத் திரட்டித்தான் விடை காண வேண்டும் என்ற நிலை, விதி எழுதப்பட்ட முறையிலேயே இருந்த ஓட்டையைக் காட்டுகிறது.

2024 அக்டோபர் 1 வாக்கெடுப்பு நாள் என்று குறிக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானோர் முன்கூட்டிய வாக்கைப் பதிவு செய்துவிட்ட நிலையில், செப்டம்பரில் ஒரு நீதிபதி அதை நிறுத்தினார்: மண்டல விதி வகுக்கும் அதிகாரம் அரசியலமைப்பின் வேறொரு பிரிவிலிருந்து வருவது, பொதுவாக்கெடுப்புப் பிரிவு அதைத் தொடாது என்பது அவர் ஏற்ற வாதம். 2025 செப்டம்பர் 30 அன்று மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதைப் புரட்டியது. மண்டல விதிகள் பற்றிய பிரிவில், அவற்றை நீக்க வாக்காளருக்கு உள்ள உரிமையைக் குறைக்கும் சொல் ஒன்றுகூட இல்லை என்று தீர்ப்பு கூறியது. ஹாக் ஹம்மக்கைத் தாண்டி, ஜார்ஜியாவின் எல்லாக் கவுன்டிகளுக்கும் இந்தத் தீர்ப்பு பொருந்தும். ஊராரைக் கேட்காமல் நில விதியைத் திருத்தும் எந்த ஆணையரும் இனி இதையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

செயின்ட் ஹெலினாவின் ஒப்பீடு

இதே பண்பாட்டுத் தடத்தில், தென் கரோலினாவின் பியூஃபர்ட் கவுன்டிக்குள் இரண்டு தீவுகள் இரண்டு முடிவுகளைக் காட்டுகின்றன. ஹில்டன் ஹெட் தீவுக்கு 1956இல் பாலம் வந்தது. அதற்கு முன் அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பாலத்தின் பின்னால் கோல்ஃப் மைதானங்களும் வாயிற்காவல் வைத்த குடியிருப்புகளும் வந்தன. பழைய இடுகாடுகள் சில அந்த வாயில்களுக்குள் அகப்பட்டுக்கொண்டன. பாட்டன் கல்லறைக்குப் போக, காவலாளியிடம் காரணம் சொல்ல வேண்டிய நிலை வந்தது.

அருகிலுள்ள செயின்ட் ஹெலினா தீவினர் அதைக் கண்ணால் கண்டவர்கள். அங்கே 1862இல், உள்நாட்டுப் போர் முடிவதற்கு முன்பே, விடுதலை பெற்றவர்களுக்கென்று தொடங்கிய பென் பள்ளி, பிற்காலத்தில் பென் மையமாக ஊரின் பொதுவிடமாக நிலைத்தது; 1960களில் மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் தோழர்களும் கூடித் திட்டமிட்ட இடமும் அதுவே. 1999இல் பியூஃபர்ட் கவுன்டி, செயின்ட் ஹெலினாவின் மேல் பண்பாட்டுப் பாதுகாப்பு மேலடுக்கு மண்டலம் (இருக்கும் நில விதிகளுக்கு மேல் கூடுதலாகப் பொருந்தும் விதித்தொகுப்பு) ஒன்றை விரித்தது. அதன் விதி எளியது: வாயிற்காவல் வைத்த குடியிருப்பு கூடாது, கோல்ஃப் மைதானம் கூடாது, உல்லாச விடுதி கூடாது. வீட்டின் அளவைத் தொடாமல், எந்த வகை நிலப் பயன்பாடு ஒரு ஊரை அழிக்கும் என்று ஊரார் அறிந்திருந்தார்களோ அதையே பெயர் சொல்லித் தடுத்தது.

2023இல், அதாவது சாப்பலோவின் வரம்பு உயர்த்தப்பட்ட அதே ஆண்டில், செயின்ட் ஹெலினாவை ஒட்டிய சுமார் 500 ஏக்கர் பைன் தீவில் கோல்ஃப் மைதானம் அமைக்க விலக்குக் கேட்டு ஒரு விண்ணப்பம் வந்தது. கவுன்டி மன்றம் அதை மறுத்ததோடு, மேலடுக்கு விதியின் சொற்களையும் இறுக்கியது. இரண்டு கவுன்டிகளின் முடிவுகள் ஏன் வேறுபட்டன என்பதற்கு ஒரே காரணம் சொல்ல இயலாது. ஆயினும் செயின்ட் ஹெலினாவில் பல்லாயிரம் ஏக்கரும் பெரிய வாக்கு எண்ணிக்கையும் பென் மையம் போன்ற நிலைத்த அமைப்பும் இருந்தன. சாப்பலோவிடம் 430 ஏக்கரும் 1993இல் தொடங்கிய ஒரு சிறு பண்பாட்டுச் சங்கமும்தான் இருந்தன. அளவில் சிறிய சமூகத்துக்கு விதியின் சொல்லே அதிகப் பாதுகாப்பைத் தர வேண்டும்: திருத்தம் செய்வதற்கு முன் ஊர்க் குழுவின் எழுத்து வடிவக் கருத்து கட்டாயம், குறைந்தது இத்தனை மாதம் அறிவிப்பு, கூட்டத்தில் ஒன்றாவது தீவிலேயே, சாதாரணப் பெரும்பான்மையைவிட உயர்ந்த ஆதரவு என்று விதிக்குள்ளேயே எழுதிவைத்திருக்க வேண்டும். எழுதியவர்களின் நல்லெண்ணத்தை நம்பி விட்ட இடம், அவர்கள் பதவி மாறியதும் திறந்துகொண்டது.

விதிக்கு வெளியே

மண்டல விதி ஊரைத் தாங்கும். வாழவைக்க அதனால் மட்டும் ஆகாது. 2015இல் தீவினர் கூட்டரசு நீதிமன்றத்தில் போட்ட வழக்கு வீட்டளவைப் பற்றியதல்ல. படகு, படகுத்துறை, அவசர மருத்துவம், சாலை ஆகியவற்றைப் பற்றியது. மாற்றுத் திறனாளிகள் ஏறி இறங்க முடியாத படகுத்துறைகளை மாற்றிக் கட்ட மாநில அரசு 2020இல் உடன்பட்டது. 2022இல் கவுன்டியும் உடன்படிக்கைக்கு வந்தது. புதிய துறைக்கென 2021இல் அமைத்த அலுமினிய நடைபாலம், 2024 அக்டோபர் 19 அன்று, நூற்றுக்கணக்கானோர் வந்திருந்த தீவின் பண்பாட்டு நாளில் உடைந்து விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். உறவினரும் விருந்தினரும் ஊருக்கு வந்து போகும் ஒரே வழியில் அது நடந்தது. மரபைக் காப்பது பற்றிய ஆவணங்களில் படகுத்துறையின் பராமரிப்புக்கு இடம் இருப்பதில்லை, இருந்திருக்க வேண்டும்.

பிழைப்பும் அப்படித்தான். தீவில் வேலை இல்லையென்றால் இளையவர் படகேறுவார், வீடு பூட்டப்படும், பூட்டிய வீடு விலைக்கு வரும். தீவின் வரலாற்றைத் தன் வாழ்நாள் முழுவதும் சொல்லியும் எழுதியும் வந்த கோர்னீலியா வாக்கர் பெய்லி இதைத் தெளிவாகக் கண்டவர். 1945இல் சாப்பலோவில் பிறந்து, பெல் மார்ஷிலிருந்து ஹாக் ஹம்மக்குக்குக் குடும்பத்தோடு பெயர்க்கப்பட்டவர் அவர். ஆப்பிரிக்காவிலிருந்து வந்து தீவின் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்து வைத்த சிவப்புக் காராமணியைத் தன் கடைசி ஆண்டுகளில் வயல் அளவில் மீண்டும் பயிரிடச் செய்தார்; பழைய ஊதா வரிக் கரும்பும் தொடர்ந்தது. 2017இல் அவர் இறந்த பிறகும் பயிர் நிற்கவில்லை. அந்தப் பயறை விற்று வரும் வருவாய், ஹாக் ஹம்மக் குடும்பங்கள் நிலவரியைக் கட்டி நிலத்தைத் தக்கவைத்துக்கொள்ள உதவ வேண்டும் என்பதே அவர் வகுத்த கணக்கு.